பட்டம் தவறிய காற்று: 2005-இல் ஒரிகன் கடலுக்குச் சத்து தாமதமாக வந்த கதை

பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் உருண்டையை எல்லோரும் பார்த்திருப்போம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரிகன் மாநிலக் கடலோரப் பாறைகளில் அதே மாதிரி உருண்டைகளைத் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள் கடல் உயிரியல் ஆய்வாளர்கள். அலையில் மிதந்து திரியும் மட்டிக் குஞ்சு ஒட்டிக்கொள்ள நார்நாரான இடத்தைத் தேடும். இந்த உருண்டை அதற்கு அப்படியே பொருந்திவிடுகிறது. குறிப்பிட்ட நாள் கழித்து உருண்டையைக் கழற்றி, ஆய்வகத்தில் அலசி, கடுகைவிடச் சிறிய அந்தக் குஞ்சுகளை நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவார்கள். ஆழத்துச் சத்துநீர் மேலே ஏறிவரும் மேலெழுச்சிப் பருவம் 2005-இல் தொடங்கவேண்டிய நாள்களில் எண்ணியபோது, வழக்கமாக வந்து ஒட்டும் மட்டிக் குஞ்சுகளில் 83 விழுக்காடு வரவில்லை. படகின் அடியில் ஒட்டுமே, அந்தக் கொட்டலசின் குஞ்சுகள் 66 விழுக்காடு குறைவு.

குறை பாறையில் இல்லை. ஏப்ரலில் நிலைகொள்ள வேண்டிய வடகாற்று மே கடைசி வரை வரவில்லை. வந்த பிறகும் ஜூலை நடுவரை விட்டுவிட்டுத்தான் வீசியது. உழவர்கள் பட்டம் தவறிய விதைப்பு என்பார்களே, அது கடலில் நடந்தது.

இந்த ஆண்டை எடுத்துக்கொண்டு எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. பருவத்தின் பின்பாதியில் காற்று வழக்கத்தைவிட வலுத்து, முன்பாதியின் பற்றாக்குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டது. ஆண்டு முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கி எழுதினால் 2005 ஏறக்குறைய சாதாரண ஆண்டாகத்தான் தெரியும். அந்தச் சாதாரண ஆண்டில்தான் பறவைகள் கூட்டைக் கைவிட்டன. மூன்றாண்டு கழித்து ஒரு மீன்பிடித் தொழிலே மூடப்பட்டது.

கரையோரக் கடல் எப்படிச் சத்துப் பெறுகிறது

கடலின் மேல்மட்டத்தில் வெளிச்சம் உண்டு, சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். அடியில் சத்து உண்டு, வெளிச்சம் இல்லை. மேலே வாழ்ந்து மடிந்ததெல்லாம் கீழே மூழ்கி அழுகுவதால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எல்லாம் ஆழத்தில்தான் சேர்ந்து கிடக்கின்றன. இரண்டும் ஓரிடத்தில் கூடினால்தான் தாவர மிதவை உயிரிகள் பெருகும். அமெரிக்க மேற்குக் கரையில் இரண்டையும் கூட்டிவைப்பது காற்று.

வடக்கிலிருந்து கரையை ஒட்டிக் காற்று வீசினால் நீரும் தெற்கே போகும் என்றுதான் நமக்குத் தோன்றும். பூமி சுழல்வதால் கணக்கு மாறுகிறது. 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் பனிக்கடலில் ஃபிராம் கப்பலில் மிதந்த நார்வே ஆய்வுப்பயணி நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கமாக விலகிப்போவதைக் கவனித்தார். அதற்குக் கணிதம் செய்து கொடுத்தவர் சுவீடன் கடலியலாளர் எக்மான். 1905-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைதான் இன்றுவரை அடிப்படை. மேல்நீர் அடுக்கு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் அது காற்றுக்குச் செங்குத்தாக வலப்பக்கம் நகர்கிறது. ஒரிகனில் வடகாற்றுக்கு வலப்பக்கம் என்றால் மேற்கு, அதாவது ஆழ்கடல் பக்கம். மேல்நீர் கரையை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறுகிறது. இதுதான் ஆழநீர் மேலெழுச்சி.

எவ்வளவு ஏறும் என்பதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரளவு நல்ல வடகாற்று கடலின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 0.1 நியூட்டன் விசையுடன் உரசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரிகனின் அட்சரேகையில் அது கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நொடிக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் நீரை வெளியே தள்ளும். கரையை ஒட்டிய 10 கிலோமீட்டர் அகலத்துக்குள் அந்த இடம் நிரம்புகிறது என்றால், ஆழநீர் நாளொன்றுக்கு 8 அல்லது 9 மீட்டர் ஏறும். அந்த நீரில் கன மீட்டருக்கு 25 மில்லிமோல் நைட்ரேட் இருந்தால், ஒரு மீட்டர் கரைக்கு ஒரே நாளில் 30 கிலோ நைட்ரஜன் வந்து சேர்கிறது. மிதவைத் தாவரங்கள் 16 அணு நைட்ரஜனுக்கு 106 அணு கார்பன் என்ற விகிதத்தில் உடல் கட்டுபவை. அந்த 30 கிலோவை வைத்து அவை 170 கிலோ கார்பனை உடலாக்கிவிடும். ஒரு மீட்டர் கரை, ஒரே ஒரு நாள்! காற்று ஒரு மாதம் வரவில்லை என்பதன் பொருள் இந்தக் கணக்கில்தான் உறைக்கிறது.

இது எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையில் காற்று சில நாள் வீசும், சில நாள் ஓயும். அந்த ஓய்வும் கடலுக்குத் தேவைதான். தொடர்ந்து வீசினால் மிதவைத் தாவரங்களும் மட்டிக் குஞ்சுகளும் கரையைவிட்டு அடித்துச் செல்லப்படும். ஓயும்போதுதான் அவை திரும்பிக் கரை சேர்கின்றன.

2005-இல் நாள்கள் எப்படிக் கழிந்தன

ஒரிகனில் குளிர்காலக் காற்று தெற்கிலிருந்து வரும் புயற்காற்று. அது மேல்நீரைக் கரையோடு அழுத்திக் கீழே தள்ளும். மேலெழுச்சிக்கு நேர் எதிர். வசந்தத்தில் வட பசிபிக்கின் உயரழுத்த மண்டலம் வலுத்து, உயர்வானில் மேற்கிலிருந்து விரைந்தோடும் ஜெட் காற்றோட்டம் வடக்கே ஒதுங்கிக்கொள்ள, வடகாற்று ஆட்சிக்கு வரும். இந்த மாற்றம் பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் நடக்கிறது. இதை அறியக் காற்றுமானி மட்டுமல்ல, துறைமுகத்தில் அலைஏற்றம் அளக்கும் கருவியே போதும். கரையிலிருந்து நீர் விலகுவதால் சில நாள்களுக்குள் கடல்மட்டம் இறங்கிவிடும். வடக்கே ஓடிய கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பும். நீர் குளிரும்.

2005-இல் ஜெட் காற்றோட்டம் வடக்கே ஒதுங்காமல் தெற்கிலேயே நின்றது. 20 முதல் 40 நாள் இடைவெளியில் காற்று மாறி மாறி ஆடியது. வடகாற்று கொஞ்சம் ஆழநீரைத் தூக்கும். உடனே தென்காற்று வந்து அதைத் திரும்ப அமுக்கும். சாண் ஏறினால் முழம் சறுக்கிய நிலை. மே முதல் ஜூலை வரை மேலெழுச்சிக்குச் சாதகமான காற்றின் திரண்ட அளவு, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்துபோனது.

கரையோர மேல்நீர் வழக்கத்தைவிடச் சராசரியாக 2 பாகை செல்சியஸ் சூடாக இருந்தது. அலை உடையும் இடத்தில் எடுத்த நீரில் சத்து 30 விழுக்காடு குறைவு, மிதவைத் தாவரங்களின் அளவைக் காட்டும் பச்சையம் 50 விழுக்காடு குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். சத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு விளைச்சலில் பாதி போயிற்று. நீரில் மிச்சமிருக்கும் சத்து கையிருப்பு மாதிரிதான். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பதை அது சொல்லாது. வரத்து குறைந்தபோது இருந்ததையும் தாவரங்கள் உறிஞ்சியிருக்கும். ஆகவே உண்மையான வரத்துக் குறைவு கையிருப்புக் குறைவைவிடப் பெரிதாகவே இருந்திருக்கும்.

பிறகு ஜூலை நடுவில் வடகாற்று நிலைகொண்டது. சில வாரங்களில் கடல் குளிர்ந்தது, சத்து ஏறியது, பச்சையம் மீண்டது. எனக்கு இதுதான் வழக்கின் முக்கியச் சாட்சி. தொலைவிலிருந்து வந்த வெந்நீர்தான் காரணம் என்றால் காற்று திரும்பியதும் நிலைமை இவ்வளவு வேகமாகச் சீராகியிருக்காது.

எல் நினோ மீது விழுந்த சந்தேகம்

சூடான கடல், பட்டினிப் பறவை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெப்பமண்டலப் பசிபிக் சூடேறும் எல் நினோதான். 2004–05 குளிர்காலத்தில் வெப்பமண்டலப் பசிபிக்கில் ஒரு மெலிந்த எல் நினோ இருந்ததும் உண்மை. ஆனால் ஒரிகனில் கண்ட அளவுக்குப் பாதிப்பை உண்டாக்க அதற்கு வலு போதாது. எல் நினோ வேலை செய்யும் விதமும் வேறு. அது கரையோரமாக வடக்கே ஓடிவரும் நீளலைகளாகச் சத்து நிறைந்த நீரடுக்கை ஆழத்துக்கு அமுக்கிவிடுகிறது. காற்று வழக்கம்போல் வீசினாலும் மேலே வருவது சத்தற்ற மேலடுக்கு நீர்தான். 1997–98-இல் கலிபோர்னியாக் கரையோரம் நடந்தது அது. இறைப்பவர் அசராமல் இறைக்க, கிணற்றில் ஊற்று கீழே போய்விட்ட மாதிரி.

2005-இல் ஊற்று இருந்தது. இறைக்க ஆள் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆண்டுகளும் ஒரே நோய் போலத் தெரியும்.

மூன்றாவது மாதிரி 2002. அந்த ஆண்டு காற்றில் பெரிய விசேஷம் இல்லை. ஆனால் வடக்கே அலாஸ்கா பக்கத்திலிருந்து குளிர்ந்த, சத்துச் செறிந்த நீர் வழக்கத்தைவிட அதிகமாகத் தெற்கே இறங்கி வந்திருந்தது. அதே காற்று அதே அளவு நீரைத் தூக்கியபோது, தூக்கிய நீரிலேயே சத்து கூடுதல். மேலே நாம் போட்ட கணக்கில் நைட்ரேட்டை 25-க்குப் பதில் 15 என்றோ 30 என்றோ மாற்றிப் பாருங்கள்: நாள் வரத்து 30 கிலோவிலிருந்து 18-க்கு இறங்கும், அல்லது 36-க்கு ஏறும். காற்றில் ஒரு துளி மாற்றம் வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஆண்டு சத்து வரத்து மாறுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எத்தனை நீர் ஏறியது, ஏறிய நீரில் என்ன இருந்தது, எந்த நாளில் ஏறியது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்காதவரை அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை என்பேன். நெடுங்காலம் முதல் கேள்விக்கு மட்டும்தான் எண் இருந்தது. பாகுன் என்ற கடலியலாளர் 1973-இல் வெளியிட்ட மேலெழுச்சிக் குறியீடு காற்றழுத்தத்திலிருந்து காற்றைக் கணித்து, அதிலிருந்து வெளியேறும் நீரின் அளவைச் சொல்வது. பெரிய உதவி செய்த குறியீடு அது. பல பத்தாண்டுத் தொடர்ச்சி அதனால்தான் கிடைத்தது. ஆனால் நைட்ரேட்டைப் பற்றி அது ஒன்றும் பேசாது. 2018-இல்தான் ஜேகாக்ஸ் குழுவினர் இரட்டைக் குறியீடுகளை வெளியிட்டார்கள்: ஒன்று ஏறும் நீரின் அளவு, மற்றது அந்த நீரோடு ஏறும் நைட்ரேட்டின் அளவு. அமெரிக்க மேற்குக் கரை நெடுக ஒவ்வொரு பாகை அட்சரேகைக்கும், 1988 முதல் நாள்வாரியாக. இரண்டும் பிரியும் ஆண்டுகளைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை.

பட்டினி மேலே ஏறிய விதம்

ஒரிகனின் நியூபோர்ட் நகரிலிருந்து கடலுக்குள் நேர்கோட்டில் போய், குறித்த இடங்களில் நின்று வலை இறக்கி, மிதவை உயிரிகளை அள்ளி வருகிறார்கள். 1996 முதல் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது. இதைப் பல ஆண்டு முன்னின்று நடத்தியவர் பில் பீட்டர்சன். வலையில் விழுவதில் முக்கியமானவை கோப்பிபாட் எனும் அரிசிமணியைவிடச் சிறிய ஓடுடைய உயிரிகள். குளிர்ந்த வடக்கு நீரோடு வரும் கலானஸ் மார்ஷல்லே இனத்தை நுண்ணோக்கியில் வைத்தால் கண்ணாடி உடலுக்குள் நீளவாக்கில் பளபளக்கும் எண்ணெய்ப் பை தெரியும். சத்தில்லாத குளிர்காலத்தைக் கடக்க அது சேர்த்துவைக்கும் கொழுப்பு. தெற்கிலிருந்து வெந்நீரோடு வரும் இனங்கள் உருவத்தில் சிறியவை, கொழுப்பும் சொற்பம். எண்ணிக்கையில் சமமாக இருந்தாலும் மீனுக்குக் கிடைக்கும் ஆற்றல் சமமாக இராது. 2005 கோடையில் வலையில் ஓங்கியிருந்தவை தெற்கத்தி இனங்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே ஃபாரலான் தீவுகளில் காசின் ஆக்லெட் என்ற சின்னக் கடற்பறவை மண்வளைக்குள் முட்டையிடுகிறது. ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பொரிந்தபின் பகலெல்லாம் கடலில் மூழ்கி, இறால் போன்ற சிறிய கிரில் உயிரிகளைப் பிடித்து, தொண்டைக்குக் கீழே உள்ள பையில் நிரப்பிக்கொண்டு, கடற்காக்கைக்குப் பயந்து இருட்டிய பிறகே வளைக்குத் திரும்பும். கிரில் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வாழ்க்கை நடக்கும். 2005-இல் பறவைகள் அடைகாத்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போயின. 30 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தீவில் வைத்திருந்த பதிவேட்டில் அப்படிக் கூட்டாகக் கைவிட்டது அதற்கு முன் இல்லை. ஜூலையில் கடல் மீண்டது என்றேன். மே மாதம் கைவிட்ட முட்டைக்கு ஜூலைக் கிரில்லால் என்ன பயன்?

மட்டிக்கும் அதே கதைதான். மிதக்கும் குஞ்சுப் பருவம் சில வாரங்கள். அந்த வாரங்களில் உணவு இல்லையென்றால் அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டின் எதிர்த்துருவம்

சத்து கூடினால் நல்லது என்று இதுவரை படித்தவர்கள் முடிவுகட்டியிருக்கலாம். 2006-இல் அதே ஒரிகன் கடல் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆழநீர் சத்தோடு வருகிறது, ஆனால் ஆக்சிஜன் குறைவாகத்தான் வருகிறது. மேலே விளைந்த பெருவிளைச்சல் உண்ணப்படாமல் மூழ்கி அடியில் அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும். இதே கரையில் 2002-இல் மூச்சுமுட்டிய நீர் கரைக்கு மிக அருகே வந்து நண்டும் மீனும் மடிந்தன. மேலே சொன்ன அந்தச் செறிந்த வடக்கு நீரின் பின்விளைவு. 2006-இல் அது முற்றி, அடிநீரில் ஆக்சிஜன் சில இடங்களில் முழுக்க அற்றுப்போனது. கரையை ஒட்டிய கடலடித் தளமான கண்டமேடையின் ஆழங்குறைந்த பகுதிகளில் ஜூன் முதல் அக்டோபர் வரை பற்றாக்குறை நீடித்தது. கேமரா பொருத்திய இயந்திரத்தை இறக்கியபோது, ஆண்டுதோறும் பாறைமீன்கள் நிறைந்திருந்த திட்டுகளில் ஒரு மீன்கூடத் தென்படவில்லை.

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள். ஒன்றில் பட்டினி, மற்றதில் மூச்சுத்திணறல். இதில் புவி வெப்பமயமாதலின் பங்கு என்ன என்று கேட்பார்கள். நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் கரையோரக் காற்று வலுக்கும் என்று பாகுன் 1990-இல் ஒரு கருதுகோள் வைத்தார். பருவத் தொடக்கம் தாமதமாகி, பின்பாதி வலுப்பது எதிர்பார்ப்புகளோடு ஒத்துப்போகிறது என்று 2005-ஐ ஆராய்ந்தவர்களும் எழுதினார்கள். ஒத்துப்போவது வேறு, நிரூபணமாவது வேறு. ஜெட் காற்றோட்டம் இடம் மாறுவது இயல்பான ஆண்டு ஏற்ற இறக்கத்திலும் நடப்பதுதான். ஒரே ஓர் ஆண்டைத் தூக்கிப்பிடித்துத் தீர்ப்பு எழுத நான் தயாரில்லை.

மூன்றாண்டு கழித்து வந்த கணக்கு

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில் பிறக்கும் சினூக் சால்மன் குஞ்சுகள் வசந்தத்தில் கடலுக்கு இறங்குகின்றன. விரல் நீளம்கூட இராது. கடலில் முதல் சில மாதங்களில் எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அதுதான் அந்தத் தலைமுறையின் விதி. வேகமாகப் பருக்காத குஞ்சு இன்னொரு மீனின் வாய்க்குள் போகும். 2005 வசந்தத்தில் இறங்கிய கூட்டத்தை வரவேற்றது சூடான, சத்து வறண்ட கரைநீர். 2006-இல் இறங்கிய கூட்டத்துக்கும் அந்தக் கலிபோர்னியக் கரையோரத்தில் பருவத் தொடக்கம் சரியாக அமையவில்லை.

இவை பெரும்பாலும் மூன்று வயதில் ஆற்றுக்குத் திரும்புபவை. 2002-இல் இலையுதிர்கால ஓட்டத்தில் ஆற்றுக்குத் திரும்பியவை ஏழரை லட்சத்துக்கும் மேல். 2007-இல் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போயிற்று. 2008-இல் 66,000 அளவில் நின்றது. குறைந்தது 1,22,000 மீனாவது திரும்பவேண்டும் என்பது மீன்வள நிர்வாகம் வைத்திருந்த இலக்கு. 2008 ஏப்ரலில் கலிபோர்னியா முழுவதிலும் ஒரிகனின் பெரும்பகுதியிலும் கடல் சால்மன் மீன்பிடிப்பை மூடினார்கள். மீனவர்களுக்கும் சார்ந்த தொழில்களுக்கும் நிவாரணமாக நாடாளுமன்றம் 17 கோடி டாலர் ஒதுக்கியது. மறு ஆண்டும் கலிபோர்னியாவில் கடல் சால்மன் வணிகப் படகுகள் கரையிலேயே நின்றன.

2009-இல் வெளிவந்த அறிவியல் குழுவின் அறிக்கை உடனடிக் காரணமாகக் கடலின் மோசமான நிலையைச் சுட்டியது. அதோடு நிறுத்தாமல் ஆற்றின் பக்கமும் விரல் நீட்டியது. அணைகளும் திருப்பிவிடப்பட்ட நீரும் பல்வகை வாழிடங்களை அழித்துவிட்டன. குஞ்சு பொரிப்பகங்களை நம்பியே ஓட்டம் நடந்ததால் மீன்கள் ஏறக்குறைய ஒரே சாயலில், ஒரே காலத்தில் கடலுக்கு இறங்கின. முன்பு இந்த ஆற்றுத் தொகுதியின் சால்மன்கள் பல கிளைகளிலிருந்து, பல வாரங்களில் சிதறி இறங்குபவை. காற்று ஒரு மாதம் பிந்தினால் முன்னே இறங்கியது சாகும், பின்னே இறங்கியது பிழைத்துக்கொள்ளும். அந்தச் சிதறல்தான் தாமதமான வசந்தங்களைத் தாங்க மீன் வைத்திருந்த காப்பு. 2005-இல் கடலுக்கு வந்த கூட்டத்திடம் அது பெரும்பாலும் மிச்சமில்லை.